நடுமுள்

டோனோவாஸ் தீவு, சூக்
1997 பிப்ரவரி 9

மரியாதைக்குரிய அக்கா எனெரிட்டாவுக்கு,

தலை தாழ்த்தி, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு தம்பி மச்சுவோ எழுதுகிறேன். நானும் சினாக்கோவும் பிள்ளைகளும் சுகம். உன் கால் புண் ஆறிவிட்டதா? அத்தானின் முதுகு எப்படி இருக்கிறது? குவாமில் இருக்கும் நம் ஆட்கள் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

நேற்று எங்கள் முக்குளிப்புக் கடைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியைத் திட்டுக் கப்பலுக்கு அழைத்துப் போனேன். அது நம் அம்மா வழிப் பவளத் திட்டை ஒட்டி உலகப் போரில் முழுகிய கப்பல் என்று சொன்னதும் அந்த மனுஷன், "அப்ப கப்பலும் உங்களுதா?" என்று கேட்டான். "கப்பல் ஜப்பான்காரனோடது, மீன் எங்களோடது" என்றேன். சிரித்தான். கீழே இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

நீ படகிலிருந்து பார்த்ததோடு சரி, கீழே வந்ததில்லை. முன் கம்பம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக மென்பவளம். இரும்பைத் தொட ஓர் இடம் கிடையாது. மாலுமி அறைக் கதவில் ஒரு பெரிய களவா மீன் நின்றுகொண்டு, வருவது யார் என்று பார்க்கும். பீரங்கிக் குழாய்க்குள் பாம்பு மாதிரி அஞ்சாலை மீன். மேல்தளத்துக்கு மேலே சீலா மீன் கூட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பெண் மேலே வந்து வாய்க் குழாயைக் கழற்றியதும், "எங்களப் பாத்து ஒண்ணுகூடப் பயப்படலயே" என்றாள்.

நாங்கள் கீழே இருந்தபோது இரண்டு தரம் வெடித்தது. தண்ணீருக்குள் அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. நெஞ்சில் யாரோ கையை மடக்கிக் குத்துவது போல இருக்கும். என்ன அது என்று அந்த மனுஷன் கேட்டான். துறைமுகத்துக்குப் பாறை உடைக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

அக்கா, அன்சிட்டோவைக் கொஞ்ச நாள் அங்கே அழைத்துக்கொள்ள முடியுமா? உன் மகனுக்கு இங்கே பொழுது சரியாகப் போகவில்லை. அதனால்தான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

உன் வீட்டார் எல்லாரையும் ஆண்டவர் காக்கட்டும்.

தம்பி மச்சுவோ

*

தெதெதோ, குவாம்
1997 மார்ச் 2

அன்புத் தம்பி மச்சுவோவுக்கு,

நேரே இருந்தால் நம் ஊர் வழக்கப்படி உன் முன்னால் குனிந்து நடக்கிறவள். கடிதத்தில் நிமிர்ந்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் சுகம். புண் ஆறுகிற மாதிரி ஆறி மறுபடியும் வாய் திறக்கிறது. அத்தான் எழுந்து நடமாடுகிறார், ஆனால் சிமெண்ட் மூட்டை தூக்குகிற வேலைக்கு இனி எடுக்கமாட்டார்கள்.

அன்சிட்டோவை இங்கே கூப்பிடவா? இரண்டு அறையில் ஒன்பது பேர் படுக்கிறோம். பத்தாவது ஆளைக் குளியலறையில்தான் படுக்கப் போட வேண்டும். அவனுக்குப் பொழுது போகவில்லை என்று யார் சொன்னது? போன சனிக்கிழமை விமானத்தில் என் பிள்ளை ஒரு பெட்டி மீன் அனுப்பியிருந்தான். கிளி மீன், செப்பிலி, எல்லாம் நம் உள்கடல் மீன். பெட்டியைத் திறந்தபோது நம் வீட்டு வாசல் வாசனை வந்தது. ஆலயத்துக்கு வரும் நம் ஆட்களுக்கெல்லாம் பங்கு கொடுத்தேன். மிச்சத்தைச் சந்தையில் விற்றேன்.

ஒரு குறை. மீன் கொஞ்சம் குழைவாக இருந்தது. கத்தி வைக்கும் முன்பே நடுமுள் இரண்டாகக் கிடந்தது. ஐஸ் போதவில்லை போல. அடுத்த தரம் ஐஸ் கூடப் போடச் சொல். நீ அவனுக்கு உன் படகைத் தருவதில்லையாமே? மருமகனுக்குத் தராத படகை யாருக்குத் தருவாய்?

சினாக்கோவுக்கு என் அன்பு. காலிப் பெட்டியில் அரிசியும் பிள்ளைகளுக்குச் சட்டையும் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

அக்கா எனெரிட்டா

*

டோனோவாஸ்
1997 மார்ச் 16

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தலை தாழ்த்தி எழுதுகிறேன். சட்டைகள் அளவாக இருக்கின்றன. நாங்கள் சுகம். உன் காலை மருத்துவரிடம் காட்டு, தள்ளிப் போடாதே.

ஐஸ் குறைவில்லை அக்கா. ஐஸ் குறைந்தால் மீன் நாறும். நடுமுள் உடையாது. அடுத்த பெட்டி வந்தால் முள்ளின் பக்கத்தில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று நீயே பார்.

மாலுமி அறைக் களவாவை இரண்டு வாரமாகக் காணவில்லை. செவ்வாய்க்கிழமை இறங்கியபோது மேல்தளத்தில் சின்ன மீன்கள் உதிர்ந்த இலை மாதிரிக் கிடந்தன. வெடி போட்டால் செத்த மீனில் பாதிதான் மிதக்கும், மீதி அடியில் போய்விடும் என்பது உனக்குத் தெரியாததல்ல. கம்பத்துப் பவளம் ஒரு பக்கம் முழுக்கப் பெயர்ந்து விழுந்திருக்கிறது.

படகு பற்றிக் கேட்டிருந்தாய். தராததற்குக் காரணம் இருக்கிறது. அன்சிட்டோவைக் கூப்பிட்டுக்கொள் என்று மறுபடியும் கேட்கிறேன்.

தம்பி மச்சுவோ

*

தெதெதோ
1997 மே 18

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தெரேசாவின் பெண்ணுக்கு ஞானஸ்நானம், அதன் பிறகு ஆலயத்துக் கூடத்துக்குக் கூரை போடுகிற வேலை, சமையல் முழுக்க என் தலையில். சீமைப்பலா இடித்து இடித்துத் தோள் இறங்கிவிட்டது. இங்கே கிடைக்கிற பலாவுக்கு ருசியே இல்லை.

அன்சிட்டோ இரண்டு வாரத்துக்கு ஒரு பெட்டி தவறாமல் அனுப்புகிறான். அவன் அனுப்புகிற மீனில்தான் கூடத்துக் கூரையே எழும்புகிறது என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

முள் பற்றி நீ எழுதியது எனக்குப் புரியவில்லை. அவன் படகின் மோட்டார் இருமுகிறதாம். உனக்குத்தான் அந்த வேலை தெரியும், போய்ப் பார்த்துக் கொடு.

அத்தான் உன்னைக் கேட்டார்.

அக்கா எனெரிட்டா

*

டோனோவாஸ்
1997 மே 30

அக்காவுக்கு,

தலை தாழ்த்தி வணக்கம். இங்கே சுகம்.

முள் புரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். வெடியில் செத்த மீனுக்குத்தான் நடுமுள் உடையும் என்பது நம் தீவில் மீன் கழுவுகிற சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். போகட்டும். நடந்ததை எழுதுகிறேன்.

படகெடுத்து வேனோ தீவுக்குப் போய்ப் போலீஸ்காரர் கெராட்டைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். உட்காரச் சொன்னார்.

"திட்டுக் கப்பல்ல வெடி போடுறாங்க, கெராட்."

"யாரு போட்டான்னு பாத்தியா?"

"சத்தம் கேட்டேன். வாரத்துக்கு நாலு தரம்."

"சத்தத்த எப்படிப் புடிச்சு உள்ள போடுறது?"

"மீனப் பாத்தா தெரியாதா?"

"மீனு வந்து சாட்சி சொல்லுமா, மச்சுவோ? நீ தெனமும் அங்கதான் கெடக்குற. ஒனக்குத் தெரியாமலா நடக்கும்? பேரச் சொல்லு. இப்பவே படகு எடுக்குறேன்."

நான் பேரைச் சொல்லவில்லை. அதற்குள் அவர் பெண்டாட்டி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பொரித்த கிளி மீன். கெராட் ஒரு துண்டைப் பிய்த்தார். முள் நடுவில் உடைந்து, பக்கத்தில் கறுப்பாக ரத்தம் கட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், நான் பார்த்ததையும் பார்த்தார். முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "நீயும் ஒரு வாய் சாப்புடு" என்றார்.

கடையில் நிலைமை வேறு. போன வாரம் ஒரு ஜெர்மன்காரர் கப்பலைச் சுற்றிவிட்டு வந்து, "படத்துல பாத்த மீனெல்லாம் எங்க?" என்று என்னைக் கேட்டார், நான் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிற மாதிரி. முதலாளி ஆட்களை வேறு கப்பல்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்.

வெடி போடுகிறவன் வெளியிலிருந்து மருந்து வாங்குவதில்லை. கப்பலின் அறைக்குள்ளே கிடக்கிற பழைய குண்டுகளை அறுத்து எடுக்கிறான். அவன் யார் என்று இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன்.

திட்டு உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டது. நீதான் மூத்தவள். ஒரு வருஷத்துக்குத் திட்டை மூடச் சொல்லி ஒரு வரி எழுதி அனுப்பு. நான் கம்பு நட்டு ஓலை கட்டிவிடுகிறேன். ஓலை கட்டின இடத்தில் கை வைக்க எவனுக்கும் தைரியம் வராது.

தம்பி மச்சுவோ

*

தெதெதோ
1997 ஜூன் 22

தம்பிக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

திட்டை மூடுவதா? யார் செத்துவிட்டார்கள்? நம் வீட்டில் சாவு விழுந்தால்தான் திட்டை மூடுவோம். இப்போது ஓலை கட்டினால் ஊரே ஒப்பாரி வைத்துக்கொண்டு வரும். எனக்காக என்றுதான் நினைப்பார்கள். இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன், தம்பி.

நீ வெள்ளைக்காரர்களோடு நீந்தி நீந்தி அவர்கள் கண்ணாலேயே மீனைப் பார்க்கிறாய். அந்த மீனைப் பார்த்து வியக்கிறவன் கரைக்கு வந்ததும் ஹோட்டலில் இறைச்சி தின்கிறான். நாம் மட்டும் மீனை வேடிக்கைக்கு விட்டுவிட்டு டின் மீன் வாங்கித் தின்ன வேண்டுமா? அத்தானுக்கு வேலை போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிறேன், கால் வீங்கிப் போய் வீட்டுக்கு வருகிறேன். நீ பேர் எழுதமாட்டேன் என்கிற அந்த ஒருவனுக்கும் வயிறு இருக்கும். அவனை நம்பிச் சில வயிறுகளும் இருக்கும்.

மோட்டாரைப் பார்த்துக் கொடுத்தாயா? அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

எனெரிட்டா

*

டோனோவாஸ்
1997 ஜூலை 6

அக்கா,

சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்.

வியாழக்கிழமை விருந்தாளிகள் யாரும் இல்லை. சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும்போது திட்டுப் பக்கம் ஒரு காலிப் படகு நங்கூரம் போட்டுக் கிடந்தது. யார் படகு என்று தெரிந்தது. மிச்சமிருந்த காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

இரண்டாவது சரக்கு அறைக்குள் வெளிச்சம் தெரிந்தது. சேறு கலங்கி, கை நீட்டினால் விரல் தெரியவில்லை. வெளிச்சத்தை நோக்கிப் போனேன். விளக்கை வாய்க் குழாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மடியில் குழந்தையை வைத்திருக்கிற மாதிரி ஒரு குண்டை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். அன்சிட்டோ. உன் மகன் அன்சிட்டோ. எழுதிவிட்டேன்.

கண்ணாடிக்குள் அவன் கண் என்னைப் பார்த்தது. ஒரு முழம் தூரம். தண்ணீருக்குள் திட்ட முடியாது, அக்கா. அத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் வெறும் குமிழியாகப் போயிற்று. குண்டைப் பிடித்து இழுத்தேன். அவன் விடவில்லை. நான் இழுக்க, அவன் இழுக்க, இரண்டு பேரும் கயிறு இழுக்கிற மாதிரி அந்தச் சேற்றில் சுற்றினோம். திடீரென்று அவன் கையை விட்டான். தொண்டையைப் பிடித்துக்கொண்டான். விருந்தாளிகள் பாதி பயன்படுத்திவிட்டு வைத்த சிலிண்டரைத்தான் கடையிலிருந்து எடுத்து வந்திருக்கிறான். காற்றுத் தீர்ந்துவிட்டது.

என் மாற்றுக் குழாயை அவன் வாயில் திணித்தேன். கலங்கலில் வாசல் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவி, அவன் தோள்பட்டையை விடாமல் வெளியே இழுத்து வந்தேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினோம். ஏறுகிற நேரம் முழுக்க அவன் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான், சின்ன வயதில் படகில் பிடித்துக்கொள்வானே, அப்படி.

மேலே வந்து வாயைத் திறந்ததும் நான் கத்தினேன்.

"அறிவிருக்காடா ஒனக்கு? இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருந்தா உள்ளயே கெடந்திருப்ப! ஒங்க அம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

அவன் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"அம்மாவுக்கு எழுதப் போறீங்களா, மாமா?"

"எழுதாம? இன்னைக்கே எழுதுறேன். எல்லாத்தையும் எழுதுறேன்."

அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை, களைத்துப்போன சிரிப்பு.

"அம்மாவுக்குத் தெரியாதுன்னா நெனச்சிட்டு இருக்கீங்க?"

அவன் படகில் ஏறிப் போய்விட்டான்.

அவன் பொய் சொன்னான் என்று ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி போதும். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மச்சுவோ

*

டோனோவாஸ்
1997 ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

சுகமா? ஜூலையில் எழுதிய கடிதம் வந்ததா? யாரிடம் கொடுத்தேனோ அவர் உன் கையில் கொடுத்ததாகச் சொல்கிறார். காலிப் பெட்டிகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் இங்கிருந்து பெட்டி போய்க்கொண்டுதான் இருக்கிறது. விமான நிலையத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

திட்ட வேண்டுமானால் திட்டி எழுது. எழுதாமல் இருக்காதே.

மச்சுவோ

*

தெதெதோ
1997 செப்டம்பர் 28

தம்பி மச்சுவோவுக்கு,

உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கட்டும். என் சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

அவன் பொய் சொல்லவில்லை.

முதல் பெட்டியில் முதல் மீனைக் கீறியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மீன் கழுவுகிறவள் நான், எனக்கா தெரியாது? ஐஸ் போதவில்லை என்று எழுதினேன். நீயும் "ஆமாம் அக்கா, ஐஸ் போதவில்லை" என்று எழுதுவாய், அதோடு முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். நீ முடிக்கவிடவில்லை. முள், ரத்தம், களவா என்று எழுதிக்கொண்டே இருந்தாய். உன் கடிதம் வந்தால் இரண்டு நாள் பிரிக்காமல் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்திருப்பேன். உன் மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

அந்த மீனை விற்றுத்தான் வாடகை கொடுத்தேன். ஆலயத்துக்குக் கொடுத்தது பெருமைக்காக. போதகர் என் பிள்ளையின் பேரைச் சொன்னபோது தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. வாடகை கொடுத்ததற்கு நான் வெட்கப்படவில்லை. அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

உன் ஜூலைக் கடிதத்தில் காற்றுத் தீர்ந்துவிட்டது என்ற இடத்துக்கு வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரியும், முந்தின நாள்தான் அவன் பெட்டி வந்திருந்தது. அப்படியும் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அன்றே அவனுக்கு எழுதினேன், போதும், நிறுத்து என்று. நிறுத்திவிட்டேன் அம்மா, இது தூண்டிலில் பிடித்தது என்று சீட்டு வைத்து அடுத்த பெட்டி அனுப்பினான். ஒவ்வொரு மீனாகக் கீறிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முள் உடைந்திருந்தது. எனக்கு நான் சொல்லிக்கொண்ட பொய் வேறு, தம்பி. அவன் எனக்குச் சொன்ன பொய் வேறு. அது தாங்கவில்லை.

நேற்று வந்த பெட்டியை நான் வாங்கவில்லை. விமான நிலையத்திலேயே, நம் ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, மூடியைத் திறக்காமல் பேரை அடித்து அவன் பேரை எழுதித் திருப்பி அனுப்பச் சொன்னேன். அடுத்த விமானம் செவ்வாய்க்கிழமைதான் என்றார்கள். அப்படியே போகட்டும் என்றேன். "பைத்தியமா, நல்ல மீன் வீணாகிறதே" என்று தெரேசா என் கையைப் பிடித்தாள். எங்களுக்கு வேண்டாம் என்றேன். எங்களுக்கு என்று ஒன்பது பேருக்கும் சேர்த்து நானே சொல்லிவிட்டேன். வீட்டில் அத்தான் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

இத்துடன் அன்சிட்டோவுக்கு டிக்கெட் வைத்திருக்கிறேன். குளியலறையில் படுத்தாலும் சரி, இங்கே வரட்டும்.

என் சுகம் சுமார். பெருவிரல் கறுத்திருக்கிறது.

அக்கா எனெரிட்டா

*

டோனோவாஸ்
1997 அக்டோபர் 12

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தலை தாழ்த்தி எழுதுகிறேன். உடனே மருத்துவமனைக்குப் போ. விரல் கறுத்தால் காத்திருக்கக் கூடாது.

பெட்டி வந்து சேர்ந்தது. வேனோ விமான நிலையத்தில் அதற்கு முன்னால் அதன் நாற்றம் வந்து சேர்ந்தது. "யாரு பொட்டி இது? யாரு செத்துட்டா உள்ள?" என்று சாமான் இறக்குகிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினான். பேரைப் படித்ததும் எல்லாரும் திரும்பி அன்சிட்டோவைப் பார்த்தார்கள். அவன் காலிப் பெட்டியை வாங்கத்தான் வந்து நின்றுகொண்டிருந்தான். பெட்டியின் மேல் உன் கையெழுத்து. அவன் முகம் காது வரை சிவந்துவிட்டது.

ஒருவரும் உதவிக்கு வரவில்லை. நான் போய் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு கடல் சுவர் வரைக்கும் நடந்தோம்.

"தொறந்து பாக்கலியா?" என்றேன்.

"என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவினான். கழுவிக்கொண்டே பேசினான். "எல்லாரும் போடுறாங்க, மாமா. அக்கரைக்காரன் போடலியா? ஊர்ப் பெரியவரோட பையன் போடலியா? அவன் அனுப்புற பொட்டிய அவன் அம்மா வாங்கிக்கல? எங்க அம்மாவுக்கு மட்டும் என்ன வந்துச்சு? யாருக்காக செஞ்சேன் நான்? எனக்காகவா செஞ்சேன்?"

அவன் கேட்டது நியாயம், செய்தது அநியாயம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காமல், "வெயில் ஏறுது, கெளம்பு" என்றேன்.

டிக்கெட்டை வாங்கிக்கொண்டான். புதன்கிழமை ஏறுகிறான். நான் ஜெயித்துவிட்டேன் என்று சினாக்கோ சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுநாள் திட்டுப் பக்கம் இன்னொரு வெடி. இது வேறு எவனோ. துரத்திக்கொண்டு போனேன், என்னைவிட அவன் மோட்டார் வேகம்.

இப்போதாவது திட்டை மூடச் சொல்.

தம்பி மச்சுவோ

*

தெதெதோ
1998 பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. நான் சொல்கிறேன், அன்சிட்டோ எழுதுகிறான். உன் வீட்டார் எல்லாரும் சுகமா?

டிசம்பர் நடுவில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உனக்கு எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இப்போது காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. மருத்துவர் நல்ல வார்த்தையாகத்தான் சொல்கிறார், நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போய் அத்தானோடு மெதுவாகப் பேசுகிறார்.

அன்சிட்டோ ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறான். முதல் மாதச் சம்பளத்தை அப்படியே என் கையில் கொடுத்தான். இதை எழுதமாட்டேன் என்கிறான். எழுது என்றேன், எழுதுகிறான்.

நான் சொல்லி அனுப்பியபடி திட்டை மூடி ஓலை கட்டிவிட்டதாக நவம்பரில் எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு வெடி இல்லை என்றும் எழுதியிருந்தாய். யாருக்குச் சாவு என்று கேட்டவர்களுக்கு என்ன சொன்னாயோ.

படுத்தே கிடக்கும்போது மனசு கண்டபடி ஓடுகிறது. அந்த மீன்களைத் தின்று வளர்த்த காலைத்தான் ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது. மீன்கள் திரும்பி வந்திருந்தால் அவருக்கு என் மேல் கோபம் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வேன். நீ சொன்ன அந்தக் கப்பலைக் கீழே இறங்கி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை. மீன் வந்துவிட்டதா, தம்பி? விவரமாக எழுது. கம்பத்திலிருந்து தொடங்கி எழுது.

அக்கா எனெரிட்டா

*

டோனோவாஸ்
1998 மார்ச் 8

மரியாதைக்குரிய அக்கா எனெரிட்டாவுக்கு,

தலை தாழ்த்தி, பிழை பொறுக்கும்படி கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் சுகம். உனக்காக நம் ஆலயத்தில் ஒவ்வொரு ஞாயிறும் வேண்டுகிறார்கள். சினாக்கோ அழுகிறாள், அவளுக்கு அழ ஒரு காரணம் வேண்டும், நீ கவலைப்படாதே.

நேற்று இறங்கினேன். கம்பத்திலிருந்தே தொடங்குகிறேன். பெயர்ந்த இடத்தில் புதுப் பவளம் கை விரல் நீளத்துக்கு வந்திருக்கிறது, இளஞ்சிவப்பு. அதைச் சுற்றி நகத்தளவு நீல மீன்கள், நான் மூச்சு விட்டால் உள்ளே ஓடும், மூச்சை இழுத்தால் வெளியே வரும். மேல்தளத்தில் கிளி மீன்கள் கூட்டமாக மேய்கின்றன, அவை பவளத்தைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பின்பக்கத்துச் சக்கரத்தின் மேல் ஒரு ஆமை ஏறிப் படுத்திருந்தது, நான் பக்கத்தில் போனதும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. சீலாக் கூட்டம் வந்துவிட்டது. நடுவில் நின்றால் வெள்ளித் திரை போட்ட மாதிரி வெளிச்சமே தெரியவில்லை.

எல்லாம் வந்துவிட்டன, அக்கா. ஆண்டவருக்கு உன் மேல் கோபம் இல்லை. எனக்கும் இல்லை. நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

உன் தம்பி மச்சுவோ

*

டோனோவாஸ்
1998 மார்ச் 8

மருமகன் அன்சிட்டோவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

கப்பலில் ஒன்றும் இல்லை. பவளம் சாம்பல் மாதிரி பொடிந்து கிடக்கிறது, அதன் மேல் பாசி படர்ந்திருக்கிறது. நேற்று ஒரு சிலிண்டர் தீரும் வரை மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஓலையை இரண்டு தரம் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், மறுபடியும் கட்டியிருக்கிறேன். கடையிலிருந்து இப்போது யாரையும் அங்கே அனுப்புவதில்லை. மீன் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வரும் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கெராட்டின் மேல் தீரவில்லை, அக்கரைக்காரன் மேல் தீரவில்லை, பேரைச் சொல்லாமல் மாதக் கணக்கில் சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருந்த என் மேலும் தீரவில்லை. நீ கஷ்டப்பட்டு உழைக்கிறாய் என்று அக்கா எழுதினாள், நீயேதான் எழுதினாய். அது சந்தோஷம். கோபம் அதற்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

இதோடு வரும் இன்னொரு கடிதத்தை அம்மாவுக்கு நீதான் வாசித்துக் காட்டப் போகிறாய். தெரேசாவிடம் கொடுத்துவிடாதே. மெதுவாக வாசி. உன் அம்மாவை எனக்குத் தெரியும், ஒவ்வொரு வரியிலும் நிறுத்திக் கேள்வி கேட்பாள். கிளி மீன் எவ்வளவு பெரிசு, அது என்ன நிறம், சீலாக் கூட்டம் எந்தப் பக்கமாகச் சுற்றும் என்று கேட்பாள். நான் எழுதாததை எல்லாம் கேட்பாள்.

உனக்குத் தெரியும். நீ பார்த்திருக்கிறாய். சொல்.

மாமா மச்சுவோ